ஆறு காம்பராவுக்கு ஒரே கம்பி

அண்ணனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த சனிக்கிழமை சாயங்காலம் நான் அந்தக் கம்பியைப் பிடுங்கினேன்.

யோசித்துச் செய்த வேலை இல்லை. மலையிலிருந்து வந்து, இடுப்பில் சுற்றியிருந்த நனைந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே தொங்கிய பால்மா டின்னுக்குள்ளிருந்து, "ஹலோ, கேக்குதா? எல்லா வீட்லயும் கேக்குதா?" என்று அண்ணன் கேட்டான். செத்துப்போன அண்ணன். அடுத்து பக்திப் பாட்டு தொடங்கியது. நான் எழும்பி எட்டி, கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் பாட்டு நின்றது. அதே நொடியில் லயம் முழுக்க நின்றது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஆறு காம்பரா, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடு. ஆறிலும் அடுப்புக்கு மேலே ஒரு டின் தொங்கும். ஒவ்வொரு டின்னுக்குள்ளும் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஒரு ஸ்பீக்கர். எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு ஒரே கம்பி முதலாம் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு டின்னுக்குள்ளும் புகுந்து வெளியே வந்து, கடைசி வீடு போய்த் திரும்பி வரும். பூ கட்டுகிற நார் மாதிரிதான். நடுவில் எங்கே அறுந்தாலும் எல்லாம் நின்றுவிடும்.

அண்ணன் வட்டகொடை ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்துகிற கடையில் வேலை செய்தான். யாரோ திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத, கேசட் போடுகிற ஒரு டேப்பை முதலாளி அவனுக்கே கொடுத்துவிட்டார். அதைக் கொண்டுவந்த முதல் வாரம் எல்லாரையும் போல வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் வைத்து முழுச் சத்தத்தில் போட்டான். ஆம்பளைகள் எல்லாரும் இஸ்தோப்பில் வந்து குந்திக்கொண்டார்கள். பெட்டரி மூன்றே நாளில் ஓய்ந்தது.

அடுத்த நாள் சோறு போடும்போது அம்மாவிடம் கேட்டான்.

"பாட்டு எப்புடிம்மா இருந்துச்சு?"

"எந்தப் பாட்டு? நா எங்க கேட்டேன்? அடுப்புல வெறகு வெடிக்கிற சத்தந்தான் கேட்டேன்."

அது அவன் மனதில் தைத்துவிட்டது.  பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டான், மூன்றாம் வீட்டில் கேட்டான். எல்லாப் பொம்பளைகளும் அதையேதான் சொன்னார்கள். பெரட்டில் பேர் கொடுக்க விடியற்காலையே போய்விட்டு, மலையில் நின்று, கொழுந்து நிறுத்து, வந்தவுடன் அடுப்படி. பாட்டு இஸ்தோப்பில் இருக்கிறது, அவர்கள் அடுப்படியில் இருக்கிறார்கள். அப்படியானால் பாட்டு அடுப்படிக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்தான். டின்னை எல்லா வீட்டிலும் அடுப்புக்கு மேலே மாட்டியது அதனால்தான். இஸ்தோப்பு ஆம்பளைகள் பாட்டு கேட்க வேண்டுமானால் உள்ளே வந்து பொஞ்சாதி பக்கத்தில் உட்கார வேண்டும். அதில் நடந்த கூத்தை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

டேப்பை அவன் எங்கள் வீட்டில் வைக்கவில்லை. முதலாம் வீட்டு மாமா வீட்டில் வைத்தான். மாமாவும் மாமியும் வேதக்காரர்கள். பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு இரண்டு பேர்தான் இருந்தார்கள். டேப்பை நோண்டி விளையாட அங்கே சின்னப் பிள்ளைகள் கிடையாது. மாதா படத்துக்குக் கீழே பலகையில் டேப்பு உட்கார்ந்திருக்கும். பெட்டரி ஆறு வீடும் முறை வைத்து வாங்கித் தந்தது.

வேண்டிய பாட்டைச் சொல்வதற்கு ஒரு வழியும் அவன்தான் கண்டுபிடித்தான். கேசட்டில் எழுதி வைத்தால் எங்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. நானே அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அதனால் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு சாமான். பக்திப் பாட்டுக்கு ஆட்டுக் கழுத்து மணி. காதல் பாட்டுக்கு உடைந்த வளையல் துண்டு. சிரிப்புப் பேச்சுக்கு ஒரு பெரிய கோட்டு பொத்தான். காமன் கூத்தில் பதிந்து வந்த பாட்டுக்குத் தேயிலைக் கொட்டை. வேதப் பாட்டுக்குக் குருத்தோலையில் மடித்த சிலுவை. எல்லாவற்றையும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டான். தண்ணீருக்கு வருகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போகிற வழியில் மாமா வீட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போகலாம். மாட்டிய வரிசையில் பாட்டு வரும். யாரும் வாயைத் திறந்து கேட்கவேண்டியதில்லை.

"வாயைத் தொறந்து கேக்க வெக்கம் புள்ள இவங்களுக்கு" என்றான் என்னிடம். "சாமானத் தூக்கி மாட்ட வெக்கமே இல்ல, பாரு."

உண்மைதான். சனிக்கிழமை தவறாமல் வளையல் துண்டு கதவில் தொங்கும். யார் மாட்டுகிறார்கள் என்று கண்டுபிடிக்க மாமா வெற்றிலையை மென்றுகொண்டு ஜன்னல் ஓரமே உட்கார்ந்து பார்த்தார், பிடிபடவில்லை.

"இந்த லயத்துல யாருக்கோ இன்னும் கலியாண ஆச விடல" என்று சத்தமாகச் சொல்லுவார்.

"ஒங்களுக்குத்தான் மாமா" என்று நாலு வீட்டிலிருந்து பதில் வரும். காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் பேசினால் அடுத்த வீட்டில் பதில் சொல்லலாம்.

கம்பியை அவன் பிழையாக இழுத்திருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. கடை முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்து தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, ஒவ்வொரு டின்னுக்கும் தனித்தனியா பிரிச்சுக் குடுக்கணும்டா. இப்ப ஒரு வீட்ல கழட்டுனா எல்லாருக்கும் போயிரும்ல?" என்றார். அண்ணன் மாற்றத்தான் நினைத்தான். ஆனால் அதற்குள் சனங்கள் அந்தப் பிழையைப் பழகிவிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், யாருக்காவது தலையிடி என்றால், டின் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். ஆறு வீட்டிலும் பாட்டு நிற்கும். உடனே சுவருக்கு மேலாகக் கேள்வி போகும்: "என்னாங்க, யாருக்கு முடியல?" கொஞ்ச நேரத்தில் ஒருத்தி மல்லித் தண்ணியோடு வந்து நிற்பாள். மாற்ற வேண்டாம் என்று மாமாதான் சொன்னார். அப்படியே விட்டுவிட்டோம்.

அண்ணன் ஆடி மழையில் போனான். கடையிலிருந்து வரும்போது ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. எப்போதும் கடக்கிற கல்லில்தான் கால் வைத்திருக்கிறான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

நான் கம்பியைப் பிடுங்கிய அன்றைக்கு சுவருக்கு மேலாக யாரும் எதுவும் கேட்கவில்லை.  கொஞ்ச நேரம் கழித்து மாமா இஸ்தோப்பு வழியாக வந்து வாசலில் நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"தங்கச்சி, மன்னிச்சுக்க. பக்திப் பாட்டுதானேனு போட்டேன். பாட்டுக்கு முன்னால இவன் பேசிப் பதிஞ்சிருக்குறத மறந்துட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா சொன்னாள்: "இல்லண்ணே. எனக்குத்தான் தாங்கல. கழட்டிட்டேன். கொஞ்ச நாளைக்கு வேணாம்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து லயத்தில் எல்லாரும் அம்மாவைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பீலியில் சாமான்கள் தொட ஆளில்லாமல் தொங்கின. மணியைக் காற்று மட்டும் ஆட்டும். ஒரு மாதம் போய் இரண்டாவது மாதமும் வந்தது. நானும் மாட்டவில்லை, அம்மாவும் மாட்டு என்று சொல்லவில்லை. அந்தக் குரல் இன்னொரு தரம் வந்தால் நான் உடைந்துபோவேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் கணக்கு. மற்றவர்களைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்காவுக்கு பாஸ்போட் வந்தது. அக்கா, மச்சான், இரண்டு பிள்ளைகள். இந்தியாவுக்குப் போகவேண்டும். அக்கா பிறந்தது இந்தத் தோட்டத்தில், இந்தியாவை அவள் கண்ணால் கண்டதில்லை. மச்சானும் அப்படித்தான். ஆனால் பேப்பரில் இந்தியக்காரர்கள் என்று எழுதியாகிவிட்டது. வட்டகொடையில் ரயில் ஏறி, தலைமன்னார் போய், கப்பல்.

அக்காவின் குரல் ஒரு கேசட்டில் இருந்தது. அவளுடைய சின்னது கைப்பிள்ளையாக இருந்தபோது அண்ணன் செய்த வேலை அது. அக்கா தாலாட்டுவது சுவருக்கு மேலாக எங்கள் வீட்டில் நன்றாகக் கேட்கும். மாமா வீட்டிலிருந்து டேப்பைத் தூக்கிவந்து சுவர் ஓரம் அரிசிப் பெட்டிமேல் வைத்துப் பதிந்துவிட்டான். நான் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பாட்டுக்கு முன்னால் அவன் என்னைப் பார்த்து, "சிரிக்காத புள்ள, பதியுது" என்று கிசுகிசுப்பது அப்படியே விழுந்திருக்கிறது. என் சிரிப்பும் விழுந்திருக்கிறது.

அடுத்த நாள் சாயங்காலம் அதைக் கம்பியில் விட்டான். அக்கா தன் அடுப்புக்கு மேலே தன் குரலையே கேட்டு அகப்பையோடு ஓடி வந்தாள்.

"டேய்! எம் புள்ளைக்குப் பாடுனத ஊருக்கே போடுறியா? ஒன்னைய..."

அகப்பையில் இருந்த சோறு அண்ணன் தலையில். ஆனால் மறுநாள் மாமா கதவைப் பார்த்தால், மற்றச் சாமான்களுக்கு நடுவில் ஒரு கிலுகிலுப்பையின் உடைந்த பிடி தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவே கொண்டுவந்து மாட்டியிருந்தாள். அதன்பிறகு அந்தப் பிடிக்குத்தான் கிராக்கி. பிள்ளை இல்லாத வீடும் அதைத்தான் மாட்டும். மாமி தினமும் கேட்பாள்.

அக்கா போவதற்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை பகல். வீட்டில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் அக்காவுக்காக ஒரு சாக்குப்பை தைத்துக்கொண்டிருந்தேன். லயத்துக் கடைசியில் தொங்கல் வீட்டு அண்ணன் தம்பிகள் இரண்டு பேர் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். நாங்கள் மலைக்குக் கொழுந்து பறிக்கவா போயிருந்தோம், சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தோம். அது அவர்களுக்குத் தெரியாது.

"அக்கா, நீங்க போறதுக்கு முன்னாடி ஒரு நாள் பாட்டு போடாம அனுப்புறதா? நல்லாவா இருக்கும்?" என்றான் மூத்தவன்.

"எப்புடிடா போடுவ? கம்பிதான் அறுந்து கெடக்கே."

"அது சின்ன வேல. இங்குட்டு கம்பியையும் அங்குட்டு கம்பியையும் கூரைக்கு வெளிய இழுத்து முறுக்கிவிட்டா முடிஞ்சிச்சு. நாலாம் வீட்ட விட்டுட்டு மத்த அஞ்சு வீட்டுக்கும் போகும். பெரியம்மாவுக்குத் தொந்தரவே இல்ல."

நாலாம் வீடு எங்கள் வீடு. அம்மாவின் கையில் முறம் நின்றது.

அக்கா எதையோ பெட்டியில் வைத்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்:

"டேய், கம்பி போட்டவன் வீடுடா அது. அந்த வீட்டச் சுத்திக்கிட்டு வர்ற பாட்டு எனக்கு எதுக்கு? எனக்கும் ஆச இல்லாமயா இருக்கு? எம் பாட்ட எம் பிள்ளைங்க ஒருக்கா கேக்கணும்னு இருக்கு. அங்க போனா எங்க கேக்குறது. ஆனா அந்த வீட்ட விட்டுட்டு வேணாம். கேக்காமயே போறேன். எழும்பிப் போங்கடா, சாமான் கட்டணும்."

"நல்லதுக்குத்தானேக்கா சொன்னோம்..."

"நல்லதுக்குச் சொல்றவன் மூஞ்சியப் பாரு. இந்தா, இந்தக் கயித்த இறுக்கிப் புடி. பாட்டுப் போட வந்துட்டானுக."

அவர்கள் சிரித்தார்கள். கயிறு இறுகுகிற சத்தம் கேட்டது. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. முறத்தைத் தட்டி, கல்லைப் பொறுக்கிக்கொண்டு, "வெள்ளிக்கெழம போறாங்களாம்" என்று மட்டும் சொன்னாள்.

நான் தைத்துக்கொண்டே இருந்தேன். ஊசி கண்ணுக்குத் தெரியவில்லை. அக்கா கேட்காமல் போனால் இனி எப்போதுமே கேட்கமாட்டாள். எந்தக் குரல் வேண்டாம் என்று நான் இருக்கிறேனோ, அதே குரலைக் கேட்க அவளுக்கு ஆசை. அது அவளுடைய பாட்டும்கூட. என்னுடைய அண்ணன் என்று நான் பூட்டி வைத்ததில் அவளுடைய பிள்ளைகளின் தாலாட்டும் சேர்ந்து பூட்டிக் கிடந்தது.

சாக்கை வைத்துவிட்டு எழும்பினேன். கம்பியின் இரண்டு நுனியும் கறுத்துப் போயிருந்தன. அண்ணன் செய்வது போலப் பல்லால் சுரண்டி, முறுக்கி மாட்டினேன்.  அம்மா புடைத்துக்கொண்டே இருந்தாள். நான் நேரே முதலாம் வீட்டுக்குப் போனேன்.

"மாமா, அக்கா பாட்டப் போடுங்க."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்கம்மா?"

"அம்மாதான் போடச் சொன்னாங்க."

"ஓ. அம்மா சொன்னாங்களா" என்றார். "அப்ப சரி." திரும்பி மாமியை ஒரு பார்வை பார்த்தார். மாமி எழும்பி, நல்ல பெட்டரியை அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒருநாள் வேண்டிவரும் என்று அவள் அத்தனை நாளும் வைத்திருந்திருக்கிறாள்.

நான் வீட்டுக்கு ஓடி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். முதலில் டின் கரகரத்தது. பிறகு அவன். "சிரிக்காத புள்ள, பதியுது." என் சிரிப்பு. அது யாரோ ஒருத்தியின் சிரிப்பு மாதிரி இருந்தது. பிறகு அக்கா:

கொழுந்து நெறஞ்ச கூட
கூட்டி எறக்கையில
அழுது நெறஞ்ச கண்ணு
ஆத்தாளத் தேடுச்சோ

நான் கையை உயர்த்தவில்லை. கம்பியை இழுக்கவேண்டும் போலத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன? சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு அழுகை கேட்டது. மூன்றாம் வீடு. அங்கே அண்ணனோடு கிட்டிப்புள் விளையாடி வளர்ந்தவன் ஒருத்தன் இருந்தான், காரியத்தன்று விறகு வெட்டினான், பந்தல் போட்டான், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவன்தான் அழுதான். முதலாம் வீட்டில் மாமி மூக்கைச் சிந்தினாள். எங்களுக்காகச் சத்தம் போடாமல் இருந்தவர்களுக்கு, அண்ணனுக்காக அழவும் இடம் இல்லாமல் போயிருந்தது. எனக்கு அதுவரைக்கும் இது தோன்றவே இல்லை.

இரண்டாவது அடியில் பாட்டு ஒரு மாதிரி இரட்டையாகக் கேட்டது. அக்கா தன் வீட்டில் டேப்போடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள்.

மாமா முதலாம் வீட்டிலிருந்து கத்தினார்: "ஏய், இந்தப் பொம்பள ரெண்டா வந்துட்டா! ஒன்னையே கப்பல் ஏத்த முடியாது, ரெண்டையும் எப்புடி ஏத்துறது?"

"ஒன்னு இங்கயே கெடக்கட்டும் மாமா! ஒங்களுக்குத் தொணைக்கு!" என்று அக்கா அழுதுகொண்டே கத்தினாள்.

லயமே சிரித்தது. அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு வேதனை குறைந்தது என்று சொல்லமாட்டேன். அப்படியேதான் இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு நிற்க முடிந்தது.

வெள்ளிக்கிழமை வட்டகொடை ஸ்டேசனுக்கு லயத்தில் பாதிப் பேர் போனோம். நான் அந்தக் கேசட்டைத் தாளில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். ரயில் வருவதற்கு முன்னால் அக்காவின் கையில் வைத்தேன்.

அவள் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி என் கையில் வைத்தாள்.

"எனக்கு எதுக்கு? அங்க டேப்பு இருக்கோ, கூரையே இருக்கோ. நீயே வச்சுக்க. எங்க வீட்டு டின்ன கழட்டல, கம்பியும் அப்புடியே இருக்கு. புதுசா வர்றவங்ககிட்ட சொல்லு, கைய வைக்கப் படாதுன்னு. சனிக்கெழமையில என்னையப் போடு. நா இல்லாட்டியும் என்னையத் திட்டிக்கிட்டே கேளுங்க."

"ஒங்க பிள்ளைங்களுக்கு?"

"அதுகளுக்கு நா பாடுறேன். வாய் என்னா கடலுக்குள்ளயா விழுந்துரும்?"

பிறகு என்னை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"கம்பியப் புடுங்குனது நீதான்னு எனக்குத் தெரியும் புள்ள."

நான் கேசட்டைத் திரும்பத் தாளில் சுற்றினேன்.

"லயத்துல எல்லாருக்கும் தெரியும். பெரியம்மா இருக்குற ஒசரத்துக்கு அந்த டின்ன எப்புடி எட்டுவாங்க? மணைய வச்சு ஏறுனாலும் எட்டாது. அந்த மனுசி ஒனக்காகப் பொய் சொன்னாங்கன்னு நாங்களும் பேசாம இருந்துட்டோம். அவங்களப் பாத்துக்க."

ரயில் வந்தது. மூட்டைகளை ஏற்றுவதற்கே நேரம் சரியாக இருந்தது. பிள்ளைகள் ஜன்னலில் கை காட்டின. மச்சான் கடைசி வரைக்கும் எங்களைப் பார்க்காமல் மூட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நான் கேசட்டை அவளுக்கு முன்னால் வைத்தேன்.

"அவ எடுத்துக்கலையா?"

"இல்ல. சனிக்கெழமையில போடச் சொன்னாங்க."

"வேற என்னா சொன்னா?"

நான் சொன்னேன். அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். முகம் சிவந்ததா, அடுப்பு வெளிச்சமா, தெரியவில்லை.

"அவளுக்கு வாயி ஜாஸ்தி" என்றாள். ரொட்டியைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, "நாளைக்கு மாமா வீட்டுக்கு நீ போயி ஒன் கையாலயே போடு. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியல, பொத்தான மாத்தி மாத்தி அமுக்குறாரு. எனக்குத்தான் எட்டாதே" என்றாள்.